கிறிஸ்துமஸ் மரமும் பூனைக்குட்டியும்



டிசம்பர் பிறந்துவிட்டால் தெருவில் ஒவ்வொரு வீடாக நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். கூடத்தில் மரம் வைப்பார்கள். மூலையில் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுவார்கள். குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும் என்று சில வீடுகளில் முன்கூட்டியே தட்டில் கேழ்வரகு விதைப்பதும் உண்டு. நீங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்குக் கேக் சாப்பிடப் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தால், இந்த வாரம் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பூனை மரத்தில் ஏறினால் பெரியவர்கள், "குறும்பு பிடித்தது" என்று விரட்டுவார்கள். அது குறும்பு இல்லை, குழந்தைகளே. எலியும் பல்லியும் பிடித்துப் பிழைக்கும் பிராணி அது. மின்னுவதும், ஆடுவதும், தொங்குவதும் அதன் கண்ணுக்கு இரையாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட பொருள்களாகப் பார்த்துப் பார்த்துத் தொங்கவிட்டுவிட்டு, "தொடாதே" என்றால் அதற்கு எப்படிப் புரியும்? உயரத்தில் வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நல்ல பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி தாவிவிடும்!

கண்ணாடி உருண்டை விழுந்து உடைந்தால் பெருக்கி எடுத்துவிடலாம். பூனையின் உயிருக்கு உலை வைப்பது வேறு ஒன்று. அதுதான் பளபளவென்று மரத்தைச் சுற்றித் தொங்கும் ஜிகினாச் சரம். கேக் டப்பாவில் கட்டி வரும் ரிப்பன், பரிசுப் பொட்டலத்து நூல் எல்லாமே அந்த வகைதான்.

ஏன் என்று சொல்கிறேன். பூனை உங்கள் கையை நக்கியிருக்கிறதா? உப்புத்தாள் தேய்த்தது போல இருக்கும். அதன் நாக்கில் சிறு சிறு முட்கள் இருக்கின்றன. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனவை. எல்லா முள்ளும் தொண்டைப் பக்கமாகவே வளைந்திருக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த அலெக்சிஸ் நோயல் என்பவரின் பூனை, ஒருநாள் போர்வையை நக்கப்போய் நாக்கு அதிலேயே மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பூனை நாக்கை ஆராயும் ஆசையே வந்தது. அந்த ஆராய்ச்சி 2018-இல் வெளியானது. ஆக, ஒரு நூல் பூனையின் நாக்கில் பட்டுவிட்டால் துப்புவது மிகவும் கடினம். உள்ளே, உள்ளே என்றுதான் போகும்.

போன பிறகு என்ன ஆகும்? நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கும், நூலோ நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருக்கம் சுருக்கமாகக் கூடுமே, அதே மாதிரி குடல் நூலின் மேல் சுருண்டு கூடிவிடும். இறுகிய நூல் குடலை அறுத்தும்விடும். அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் பூனை பிழைப்பது கடினம்.

இதை மட்டும் மறக்காதீர்கள். பூனையின் வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நூல் தொங்கினால், அதைப் பிடித்து இழுக்கவே கூடாது! கத்தரிக்கவும் கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவியின் பூனை, இரண்டு நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வீட்டில், "வயிற்று வலி, சரியாகிவிடும்" என்றார்கள். அவள்தான் வாயைத் திறந்து பார்த்து, நாக்கின் அடியில் சிவப்பு ரிப்பன் இருப்பதைக் கண்டாள். தொடாமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூனை பிழைத்தது. பெரியவர்கள் கவனிக்காததைப் பிள்ளைகள் கவனிப்பது எனக்குப் புதிதல்ல!

இன்னொரு எமன் பூங்கொத்தில் இருக்கிறான். லில்லி மலர்! பார்க்க அழகு, வாசனையும் உண்டு. ஆனால் பூனைக்கு அதன் பூ, இலை, தண்டு மட்டுமல்ல, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் கெட்டுவிடும். பூச்சாடித் தண்ணீரும் விஷம்தான். அறிகுறி தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே சிகிச்சை கிடைத்தால்தான் காப்பாற்ற முடியும். பூனை உள்ள வீட்டுக்குப் பூங்கொத்து வாங்கிப் போகிறவர்கள் ரோஜாவோ ஜெர்பராவோ வாங்கிப் போகலாமே! சாக்லெட்டும் பூனைக்கு ஆகாது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்று 2005-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் பாசத்தோடு கொடுத்தாலும் அதற்கு ஒரு லாபமும் இல்லை.

மரத்துக்கு வருவோம். முதலில் அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இரண்டு நாள் வெறும் மரமாகவே நிற்கட்டும். பூனை முகர்ந்து பார்த்துச் சலித்துப்போகும். பிறகு அலங்காரத்தை ஆரம்பியுங்கள். கீழ்க்கிளைகளில் காகிதம், துணி, பனையோலையில் நீங்களே செய்த நட்சத்திரங்கள். உடையும் உருண்டைகள் மேலே. ஜிகினா வேண்டவே வேண்டாம். கடையில் வாங்கியதைவிட உங்கள் கையால் செய்த ஓலை நட்சத்திரம்தான் எனக்கு அழகாகப் படுகிறது. மூன்று, நான்கு மாதக் குட்டியாக இருந்தால் அதற்குப் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவம், கண்டதைக் கடிக்கும். எனவே சீரியல் பல்பு ஒயர் தரையில் கிடக்கக் கூடாது. படுக்கப் போகும்போதும், வெளியே போகும்போதும் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி அம்மாவுக்கு நினைவுபடுத்துங்கள். குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். வைக்கோல் பக்கத்தில் இருக்கிறது, பூனையின் வாலும் சும்மா இருக்காது.

கேழ்வரகுப் புல்லைப் பூனை கொஞ்சம் மேய்ந்தால் பயப்பட வேண்டாம், அது கெடுதல் செய்யாது. குடில் வைக்கோலில் பூனை சுருண்டு தூங்கினால் விரட்டாதீர்கள். மாடும் ஆடும் படுத்திருக்கும் இடத்தில் அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கட்டும்! பொம்மைகளை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மரத்தைக் கழற்றும்போது, தரையில் விழுந்த நூல், ரிப்பன் துண்டுகளை எல்லாம் பொறுக்கி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். அலங்காரப் பொருள் வந்த அட்டைப் பெட்டி காலியாக இருந்தால் மட்டும் வெளியே எறிய வேண்டாம். கூடத்து மூலையில் வைத்துவிட்டு, உங்கள் பூனை என்ன செய்கிறது என்று பாருங்கள்.