பார்ப்பதற்கு அவகாசம் வேண்டும்

1817-இல் லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதத்தைப் பற்றித் தாம் பிரசுரித்த சிறு நூலில் ஆறே நோயாளிகளைத்தான் வர்ணித்தார். அவர்களிலும் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள், ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பின்னர் அவர் பெயராலேயே வழங்கலான அந்த வியாதி, நடந்துபோகிற மனிதரை நின்று கவனித்த ஒருவருடைய கண்களின் வழியாகவே வைத்திய சாஸ்திரத்துக்குள் பிரவேசித்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நோயைக் கண்டறிவதில் கண்ணுக்கு நிகரான கருவி வேறொன்று ஏற்படவில்லை. அந்தக் கண்ணைப் பழக்குவதற்கு வேண்டிய அவகாசத்தை மாத்திரம் நம் ஆஸ்பத்திரிகள் கொடுப்பதில்லை.

வருஷங்களுக்குப் பஞ்சமில்லை. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டத்துக்கு மூன்று, நரம்பியலில் டி.எம். பட்டத்துக்கு மேலும் மூன்று என்று பதினொன்றரை ஆண்டுகளைக் கழித்து, நுழைவுத் தேர்வுகளுக்காகக் காத்திருந்த காலமும் சேர முப்பது வயதை எட்டி வெளியே வரும் ஒருவர், பக்கவாதம், வலிப்பு, மூளைக்காய்ச்சல் எல்லாவற்றையும் அந்தக் கடைசி மூன்றாண்டுகளிலேயே கற்றாக வேண்டியிருப்பதால், பார்க்கின்சன் நோய், டிஸ்டோனியா, கோரியா முதலிய இயக்கக் கோளாறுகளைப் போகிற போக்கில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அவற்றிலேயே ஊன்ற விரும்புவோர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களுக்கு மறுபடியும் மாணாக்கராகப் போகவேண்டும்.

அங்கே கற்பது என்ன? அறைக்குள் நுழைகிறவருக்கு ஒரு கை மட்டும் வீசாதிருப்பது, விரலைத் தட்டத் தட்ட அந்தத் தட்டல் குறுகிக்கொண்டே போவது, கையெழுத்து வரவரச் சிறுப்பது, மடியில் சும்மா கிடக்கையில் நடுங்கும் கை டம்ளரை எடுக்கும்போது அடங்குகிறதா, எடுக்கும்போதுதான் நடுங்கத் தொடங்குகிறதா என்பது ஆகிய சூக்ஷ்மங்களைப் பிரித்தறிவதுதான். பார்க்கின்சன் நோயில் சாதாரண எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. தலைச்சுற்றலுக்கென்று மாதக்கணக்கில் விழுங்கிய சின்னாரிசின் மாத்திரையாலும் இதே நடுக்கம் வரும் என்பது, பழைய மருந்துச் சீட்டுகளைப் பொறுமையாகப் புரட்டாதவருக்குத் தோன்றாது. 1912-இல் கின்னியர் வில்சன் விவரித்த நோயோ இன்னும் பரிதாபமானது: ஈரலிலும் மூளையிலும் தாமிரம் படிந்து, படிக்கிற பிள்ளையின் பேச்சு குழறி, குணம் மாறி, கை முறுக்கிக்கொள்ளும்போது, காலத்தில் கண்டுகொண்டால் மருந்தினாலேயே பெரும்பாலும் மீட்டுவிடலாம், மனக்கோளாறு என்று தள்ளிவிட்டால் இழந்ததெல்லாம் திரும்புவதில்லை.

நோய் நிர்ணயத்தோடும் வேலை முடிவதில்லை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து (இதைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரனும் ராமசுவாமியும் என்பதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள்) சில வருஷங்களுக்குப் பின், வேளைக்கு வேளை ஏறி இறங்கும் பலனையே தருவதால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் அந்த மனிதரைக் காணாமல் அளவைத் திருத்த முடியாது. காலையில் நாற்பது சீட்டுகள் குவிந்துகிடக்கும் ஓ.பி.யில் இது எவ்விதம் நடக்கும்? தனியார் ஆஸ்பத்திரிகளிலோ, ஸ்கேனுக்கும் அறுவைக்கும் ரசீது போடலாம். உற்றுப் பார்த்த அரைமணி நேரத்துக்கு ரசீது போடும் வழக்கமில்லை. ஆகவே கெட்டிக்கார இளைஞர்கள் வேறு பிரிவுகளை நாடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்களைக் குறை சொல்வது நியாயமும் ஆகாது.

இயக்கக் கோளாறுகளின் துறைக்குத் தனி உருவம் கொடுத்த டேவிட் மார்ஸ்டனும் ஸ்டான்லி ஃபானும் 1986-இல் ஆரம்பித்த சஞ்சிகையுடன் நோயாளிகளின் வீடியோ கேசட்டுகளையும் அனுப்பினார்கள்; எழுத்தினால் இந்த அசைவுகளைக் கற்பிக்க இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு நாளேனும், பதினைந்து பேருக்கு மேற்படாமல், இந்நோயாளிகளுக்கென்றே தனி ஓ.பி. நடக்கட்டும், பேராசிரியர் அருகிருக்க, மாணாக்கர் நோயாளி ஒவ்வொருவரையும் நடக்கவிட்டு, எழுதவிட்டு, அவர்கள் சம்மதத்துடன் படமெடுத்துச் சேர்த்துவைக்கட்டும். கூட்டத்தைக் காரணம் காட்டுவார்கள். தவறாக நிர்ணயித்த நோய்க்கு வருஷக்கணக்கில் மருந்து வாங்க வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.