எழுத்தாளனுக்கு அரைப்பேர்

தேயிலைத் தோட்டங்களிலே ஒரு வழக்கு உண்டு. கொழுந்தெடுக்கும் பெண் காலைப் பிரட்டு முதல் மாலைத் தராசுவரை மலையிலே நின்றிருப்பினும், நிர்ணயித்த கிலோ நிறையாவிடின் அவளுக்குச் செக்றோலில் அரைப்பேரே போடப்படும். மழை பெய்தது, மலையிலே கொழுந்து இல்லை என்னும் நியாயங்கள் தராசுக்குத் தெரியா. உழைப்பு முழுநாளுக்குரியது, ஊதியமோ அரைநாளுக்குரியது. இக்கணக்கு அநீதியானதென மேடைதோறும் முழங்குகின்ற படித்த வர்க்கத்தினர், அதே மேடையிலே அமர்ந்திருக்கும் எழுத்தாளனுக்கு எந்தக் கணக்கிலே பேர் போடுகின்றனர் என்பது கேட்கப்படவேண்டிய கேள்வியாகும். அவனுக்குப் பொன்னாடை உண்டு, பாராட்டுரை உண்டு. பெயர் கிடைக்கின்றது, பேர் விழுவதில்லை.

இந்நிலையிலேதான் அண்மைக் காலத்தில் இளைஞர்க்கு ஓர் உபதேசம் வழங்கப்பட்டு வருகின்றது. ‘கம்பனி உத்தியோகத்தை உதறி எறி; எழுத்தையே தொழிலாகக் கொள்; துணிந்தவனுக்கே இலக்கியம் கைகூடும்’ என்பது அவ்வுபதேசம். கேட்பதற்கு வீரமாகவே இருக்கின்றது. ஆனால் பதுளையிலே, பசறையிலே, ஹாலி-எலயிலே பிறந்த ஒருவனை நோக்கி இதனைச் சொல்லுமிடத்து, சொல்லப்படுவது யாது என்பதைச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும்.

ஊவாவிலே ‘கம்பனி’ என்னும் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. வெள்ளையர் கம்பனிகளிடமிருந்த தோட்டங்கள் 1970களிலே அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்தின்கீழ் மீண்டும் வந்தன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. அத்தகைய லயத்திலிருந்து ஒரு பிள்ளை உயர்தரம் சித்தியெய்தி, கொழும்பிலோ பதுளை நகரிலோ மாதச் சம்பளம் பெறும் உத்தியோகமொன்றில் அமர்கின்றதெனில், அது தனியொருவரின் உத்தியோகம் அன்று. தாயின் மருந்தும் தம்பியின் படிப்பும் நகை மீட்பும் அச்சம்பளத்திலேயே தங்கியுள்ளன. அதனை உதறுமாறு கூறுபவர், தாம் உதறாத உத்தியோகத்தில் இருந்துகொண்டே கூறுகின்றார் என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்விடத்திலே தெளிவத்தை ஜோசப்பின் வாழ்வு நோக்கத்தக்கது. 1934 இல் ஹாலி-எலயை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர் அவர். பதுளைப் பகுதியின் தெளிவத்தைத் தோட்டத்திலே ஆசிரியராகப் பணியாற்றி, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னர் நிறுத்திக்கொண்டார். பின்னர் கொழும்பு சென்று தனியார் நிறுவனத்திற் கணக்காளராகக் கடமையாற்றினார். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் அவரது நாவல் 1974 இல் வெளிவந்தது. ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதி 1979 இல் வந்தது. ‘குடைநிழல்’ நாவல் 2010 இலேதான் நூலுருப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருந்தாரல்லர். குறுநாவல்கள் எழுதினார், மலையகச் சிறுகதைகளைத் தேடித் தொகுத்தார், ‘மலையகச் சிறுகதை வரலாறு’ என்னும் நூலை 2000 இல் வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழகத் துறை செய்யவேண்டிய பணியை, கணக்கேடுகளுக்கு நடுவே தனிமனிதராக நின்று செய்தார். 2013 இல் தமிழகத்திலிருந்து விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது அவருக்கு எழுபத்தொன்பது வயது. 2022 இல் மறைந்தார்.

அவர் உத்தியோகத்தை விட்டிருந்தால் இன்னும் நான்கு நாவல்கள் எழுதியிருப்பார் என்று சிலர் ஏங்குவர். இரு நாவல்களுக்கு இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தமைக்கு உத்தியோகம் ஒன்றே காரணமெனல் பொருந்தாது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்ட காலம் அது. ஆயினும் ஏக்கத்திலே நியாயம் உண்டு என்றே கொள்வோம். அந்நான்கு நாவல்களையும் விலை கொடுத்து வாங்கியிருப்போர் யாவர்? இவ்வினாவுக்கு விடை கூறாது எழுத்தாளனின் துணிவை அளக்கப் புறப்படுவது நேர்மையாகாது.

ஜோசப் மட்டும் இந்நிலையில் இருந்தாரல்லர். மலையகச் சிறுகதைக்கு முகம் கொடுத்தவர்களுள் ஒருவரான என். எஸ். எம். இராமையாவும் கொழும்பிலே கணக்கெழுதிப் பிழைத்தவரே. அவருடைய ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதி 1980 இல் வெளிவந்தது. பத்தாண்டுகளின் பின் அவர் காலமானார். மலையகத்தின் இரு சிறந்த கதைஞர்கள் பிறருடைய வரவு செலவை எழுதி வாழ்ந்தார்கள் என்பது தற்செயலன்று. அது ஒரு சமூகத்தின் வரவு செலவுக் கணக்கு.

உத்தியோகத்தைத் துறக்கச் சொல்வோர் அசோகமித்திரனை எடுத்துக்காட்டுவர். அவர் 1966 இல் ஜெமினி ஸ்டூடியோ உத்தியோகத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானார் என்பதும், ‘கரைந்த நிழல்கள்’, ‘தண்ணீர்’, ‘18வது அட்சக்கோடு’ ஆகியன அதன்பின் வந்தன என்பதும் உண்மை. ஆனால் அவர் வெளியேறியது சென்னை நகரத்துக்குள்ளே. அங்கே வார இதழ்களும் மாத இதழ்களும் பதிப்பகங்களும் இருந்தன. ஆங்கிலத்திலும் எழுதக்கூடியவராக அவர் இருந்தார். அவ்வளவிருந்தும் அவர் வாழ்வு வளமாக அமையவில்லை. அவருக்கு முன்னர், 1943 இல் ‘தினமணி’யை விட்டு வெளியேறிய புதுமைப்பித்தன், சினிமாவை நம்பிச் சென்று, காசநோயுற்று, 1948 இல் நாற்பத்திரண்டாம் வயதிலே மாண்டார். சென்னையே தன் பெருங் கதைஞனை இவ்வாறு காத்ததெனில், மலையகப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையமான பதுளையில் இறங்குபவனுக்கு எவர் பொறுப்பு?

மறுபுறத்தே இன்னொரு சாரார் உளர். ‘உத்தியோகம் எழுத்துக்குத் தடையன்று, காஃப்கா காப்புறுதி அலுவலகத்திலேதான் இருந்தார்’ என்பர் அவர்கள். பிராக் நகரிலே காஃப்காவின் அலுவலகம் பிற்பகல் இரண்டு மணியோடு முடிவடைந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அவ்வாறிருந்தும் அவ்வுத்தியோகம் தம் எழுத்தைத் தின்கின்றதென அவர் புலம்பியதையும் சொல்வதில்லை. கொழும்பின் தனியார் நிறுவனங்களில் இரண்டு மணிக்கு வீடு செல்பவர் எவருமிலர். ‘உத்தியோகமும் பார், எழுதவும் எழுது’ என்னும் இவ்வறிவுரை நடுநிலையான ஆலோசனைபோலத் தோன்றினும், அதன் உட்பொருள் வேறு. எழுத்து ஊதியத்துக்குரிய உழைப்பன்று, ஓய்வுநேரப் பொழுதுபோக்கே என்பது அதன் உட்பொருள். முதற் சாரார் எழுத்தாளனைப் பட்டினிக்கு அனுப்புகின்றனர். இரண்டாஞ் சாரார் அவனை இலவசமாக வேலை வாங்குகின்றனர். இரு சாராரும் தம் சட்டைப்பையைத் தொடுவதில்லை என்பதில் ஒன்றுபட்டவர்களே.

‘ஏழைச் சமூகம், புத்தகம் வாங்க வழியில்லை’ என்பது வழமையான சமாதானம். வரலாறு இதனைப் பொய்ப்பிக்கின்றது. மலையகத்திலே எழுத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்திருக்கின்றார்கள். சில பக்கங்களிற் பாட்டை அச்சடித்து, சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் புகையிரதத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் தாமே பாடி, தாமே விற்ற துண்டுப்பாடற் பாவலர்கள் அவர்கள். பிரசாவுரிமைச் சட்டம் பற்றியும் சம்பளப் போராட்டம் பற்றியும் கொலை, விபத்துப் பற்றியும் அவர்கள் பாடினர். வாங்கியவர்கள் யார்? நாட்சம்பளக்காரர்களே. வாசிக்கத் தெரியாதவர்களும் வாங்கி, வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு லயத்து வாசலிலே பாடுவித்துக் கேட்டனர். கூலியுழைப்பாளி தன் கவிஞனுக்குக் காசு கொடுத்தான். அவனுடைய பேரப்பிள்ளை பட்டதாரியானபின் அன்பளிப்புப் பிரதி கேட்கின்றான். இதனை வளர்ச்சி என்பதா?

இன்னொரு சான்றும் உண்டு. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. ‘காலங்கள் சாவதில்லை’ அவ்வரிசையிலே வந்ததாகும். கடைகளிலும் புகையிரத நிலையங்களிலும் அந்நூல்கள் வாசகரைச் சென்றடைந்தன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, அவ்வரிசை தளர்ந்தது. இறக்குமதியைத் தடுப்பதே வழி என்பது இங்கு வாதமன்று. விலையும் விநியோகமும் சரியாக அமைந்தவிடத்து வாசகர் வாங்கினர் என்பதே வாதம். வாசகன் இல்லை என்னும் கூற்று, வாசகனைத் தேடிப் போகாதவர்களின் கூற்று. யாழ்ப்பாணத்திலே 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழ்களைக் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்று, நானூறு இதழ்களுக்கு மேல் கண்டார். அவர் சுமந்தார் என்பது அவரது பெருமை. அவர் சுமக்க வேண்டியிருந்தது என்பது ஏனையோரின் சிறுமை.

இன்றைய நிலை யாது? எழுத்தாளன் தன் காசில் அச்சிடுகின்றான். பலவேளை மனைவியின் நகையே முதலீடு. பின்னர் வெளியீட்டு விழா. முதற்பிரதியை ஒரு வர்த்தகர் பெறுகின்றார். சிறப்புப் பிரதிகளை வேறு சிலர் பெறுகின்றனர். ஐந்து பேராசிரியர் பேசுகின்றனர். மிகுதிப் பிரதிகள் பெட்டியிற் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. ஆய்வு மாணவர் அவ்வீட்டுக்கு வந்து, ஒரு பிரதியை இலவசமாகப் பெற்று, பட்டமும் பதவியுயர்வும் பெறுகின்றனர். மலையக இலக்கியத்தை ஆராய்ந்தவர்க்குச் சம்பளம் உண்டு. அதனைப் படைத்தவர்க்கு இல்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர்களும் இக்குற்றத்துக்குப் புறம்பானவையல்ல. அச்சகத்துக்குக் கூலி கொடுக்கப்படுகின்றது. தாள் வியாபாரிக்குப் பணம் கொடுக்கப்படுகின்றது. மண்டபத்துக்கு வாடகை கொடுக்கப்படுகின்றது. கதை தந்தவனுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பப்படுகின்றது, அதுவும் அவன் இருமுறை கேட்டபின்.

‘எழுத்துக்கு ஊதியம் கேட்டால் இலக்கியம் சரக்காகிவிடும்’ என்பார் உளர். தேயிலை சரக்காகிவிட்டது என்பதற்காகக் கொழுந்தெடுப்பவளுக்குச் சம்பளம் வேண்டாமென எவரும் வாதிடுவதில்லை. உழைப்பு எதுவாயினும் அதற்குரிய கூலி மறுக்கப்படுமிடத்து அது சுரண்டலேயாகும். இச்சொல்லைக் கட்டுரைகளிலே தாராளமாகப் பயன்படுத்துவோர், தம் கையால் நிகழ்வதற்கும் அதனைப் பயன்படுத்தத் துணிதல் வேண்டும்.

ஆகவே, ‘உத்தியோகத்தை விடு’ என்று இளைஞனுக்கு உபதேசிப்பதற்கு முன்னர், உபதேசிப்போர் செய்யவேண்டியன சில உள. சங்கங்கள் தம் மலர்களின் செலவுக் கணக்கிலே எழுத்தாளர் சன்மானத்தை முதல் வரியாக எழுதுதல் வேண்டும். விரிவுரையாளர் பாடத்திட்டத்திற் சேர்க்கும் நூலை மாணவர் விலைக்கு வாங்க ஒழுங்கு செய்தல் வேண்டும். ஒரு பிரதியை நூறு நிழற்பிரதிகளாக்குவது படைத்தவனின் பையிலே கைவைப்பதாகும். நூலகங்களும் மாகாணத் திணைக்களங்களும் ஊவா எழுத்தாளரின் நூல்களைப் பரிசளிப்புக்காகக் காத்திராது உரிய விலையில் வாங்குதல் வேண்டும். விழாவிலே பேசுபவர் முதலில் ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கிப் பின்னர் மேடையேறுதல் வேண்டும். இவை பெரும் புரட்சிகளல்ல. கூலிக் கணக்கைச் சரிபார்த்தல் மாத்திரமே.

இவை நிகழும் நாளிலே, பதுளையின் இளைஞன் ஒருவன் உத்தியோகத்தை விடுவதா, வைத்திருப்பதா என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்வான். அதுவரை அவன் கணக்கேட்டையும் கதையேட்டையும் ஒருங்கே சுமப்பானாயின், அவனைக் கோழையென்று கூற எவருக்கும் உரிமையில்லை. செக்றோல் வாசகரின் கையிலே இருக்கின்றது. பேர் போடவேண்டியவர்களும் அவர்களே.