கையொப்பமிடுமுன்

பிரட்டுக் களத்தில் மானேஜரின் ஏச்சு. பால் நிறுவையில் குறைவு. ஒழுகும் கூரையைப் பற்றிச் சொன்னால், "பிடிக்காவிட்டால் போ" என்ற பதில். இத்தகைய நிர்வாகத்தின் கீழ் இருப்பதா, விலகுவதா? சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை, மரம் வெட்டும் தோழர்களும் கிராணிமார்களும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

விலகுவது கோழைத்தனமன்று, உரிமை. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரில், தோட்டத்தை விட்டு ஓடியவர் குற்றவாளி. 1910-இல் அம்முறை ஒழிந்தது. கங்காணி காலத்தில் ஒரு மாத நோட்டீஸில் விலகச் சட்டம் இடம் தந்தது. ஆனால் தலைக்காசு வாங்கிய கங்காணி ஆளை எளிதில் விட்டாரா? கடனும் காலைப் பிடித்தது.

அரும்பாடுபட்டு வந்த உரிமையைக் கோபத்தில் செலவிடலாமா? மனம் வெறுத்து நாமே எழுதிக் கொடுக்கும் விலகல் கடிதம், கெட்ட நிர்வாகத்துக்குக் காசில்லாத லாபம்! 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, குற்றம் செய்யாதவரை நிர்வாகம் நிறுத்தினால், 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. 15 ஆண்டுக்கு 300 நாள் சம்பளம்! காரணமின்றித் தாமாக விலகுவோருக்கு அது இல்லை. வேலையோடு லயத்து வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளியும் மாறும்.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தராத முதலாளி, ஒப்பந்தத்தைத் தாமே மீறியவராகிறார். அந்நிலையில் நோட்டீஸின்றி விலகவும், நட்டஈடு கோரவும் வழியுண்டு. கொடுமை செய்து விலக வைத்தால், அதையும் வேலை நீக்கமென்று வாதாடலாம்; 60 நாளுக்குள் முறையிட வேண்டும்.

ஆகவே தோழர்களே! குறை நடந்த தேதியையும் நிறுவையையும் எழுதி வையுங்கள். கண்ட சாட்சியைச் சேருங்கள். கடிதம் எழுதுமுன் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். கிராணிமார்களே! பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பேனாவில் தொழிலாளியின் சோறு இருக்கிறது.

எல்லாம் செய்தும் நிர்வாகம் திருந்தவில்லையா? வேறு வேலையும் கூரையும் தேடிக்கொண்டு, முறையாக நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்காவிடில், 2 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 4 வாரம். 5 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 6 வாரம். மற்றவருக்கு 8 வாரம். வரவேண்டிய சம்பளத்தை வாங்குங்கள். சேமநிதி சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இருப்பதானாலும் சேர்ந்து கேட்போம். போவதானாலும் நிமிர்ந்து போவோம்!