ஏலம் போடும் முன் எங்களையும் கேளுங்கள்

தமிழ்நாடு அரசின் நீர்வளம், வனம், வேளாண்மைத் துறைச் செயலாளர்களுக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்ட ஆட்சியர்களுக்கும்,



நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிற விவசாயி. ஓய்வு கிடைத்தால் பைனாகுலரோடு ஏதாவது ஒரு குளத்தங்கரையில் நிற்பேன். சம்பளமோ சான்றிதழோ கேட்டு இதை எழுதவில்லை. ஆற்றைச் சுத்தம் செய்யும் நாளில் எங்களைப் போன்ற தன்னார்வலர்களை மறக்காமல் கூப்பிடுகிறீர்கள். தொப்பி, டீ-ஷர்ட், பேனர், காலை டிபன் எல்லாம் வருகிறது. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போன வேட்டி சேலைகளை மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுகிறோம். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு மட்டும் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

2011 முதல் ஜனவரிக் கடைசியில் இந்த ஆற்றுப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று பலரும் விடியுமுன் கரையில் நிற்பார்கள். எந்தக் குளத்தில் கூழைக்கடா கூடு கட்டுகிறது, எந்தக் குளத்துக்குச் சங்குவளை நாரை வருவது குறைந்துவிட்டது என்று இவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான் அந்தக் கூடுகள் இருக்கின்றன. சமூகக் காடுகள் திட்டத்தில் அரசே நட்ட மரங்கள் அவை. முற்றியதும் விறகுக்கு ஏலம் போகின்றன. ஏலம் எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்டியவர் வெட்டத்தான் செய்வார். ஏல அறிவிப்பில் கையெழுத்துப் போடும் முன், இந்தக் குளத்தில் கூடு உண்டா என்று ஒரு போன் போட்டுக் கேட்க என்ன தடை? சீமைக் கருவேலத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. அதை வேரோடு பிடுங்குங்கள்.

மக்கள் பேச்சைக் கேட்டு நீங்கள் நல்லது செய்ததும் உண்டு. திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் பறவைகளை ஊரார் காத்து வந்தார்கள். 2005-ல் அதைக் காப்பகமாக அறிவித்தீர்கள். கூந்தன்குளம் 1994-ல் சரணாலயம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியை விட்டுக்கொடுத்திருந்தது. மரத்தடியில் விழும் எச்சம் குளத்து வண்டலோடு கலந்து கூந்தன்குளத்து வயல்களுக்கு உரமாகப் போகிறது. அந்த மண்ணை அள்ளிப் போட்டவனுக்கு யூரியா மூட்டையின் அவசரம் குறைகிறது. இயற்கை விவசாயத்துக்கு இதைவிட மலிவான இடுபொருள் எனக்குத் தெரியாது.

2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இன்றும் சன்னம், பொது என்று இரண்டே விலைதான். ரசாயனம் தொடாத நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. லீவு போட்டுவிட்டு வரும் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் எங்கள் வயலில் களை எடுக்கிறார்கள், பஞ்சகவ்யம் கலக்குகிறார்கள். போகும்போது, "அண்ணாச்சி, இதுக்கு எவ்வளவு கூடக் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது.

எங்கள் வயல்களின் வடிகால் ஆற்றில் விழுகிறது. ஆறு நெல்லை மாநகரின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு (உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இதைக் கண்டித்திருக்கிறது) மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் அந்த வளைகுடாவில் இருக்கின்றன. அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தது பழைய பாவம். சாக்கடையும் உரமும் கரைந்த நீர் இன்றைய பாவம். பவளத்தின் மேல் பாசி படர அது போதும்.

தீவைக் காக்க மக்களையும் சேர்த்துக்கொண்ட நாடு உண்டு. நியூசிலாந்தில் திரிதிரி மாதாங்கி என்ற தீவில், 1984-லிருந்து பத்தாண்டுகளில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் மரக்கன்று நட்டு, அழிந்துகொண்டிருந்த பறவைகளைக் குடியேற்றினார்கள். அரசு திட்டத்தைப் போட்டது, மக்கள் நட்டார்கள். நம் தீவுகளில் பொதுமக்கள் நினைத்தபடி கால் வைக்க அனுமதி இல்லை. அது சரியான விதி. தளர்த்தச் சொல்ல மாட்டேன். நம் தீவுகளுக்கான தன்னார்வ வேலை கரையிலும் குளத்திலும் வயலிலும்தான் இருக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவர்களைத்தான் குப்பை அள்ளும் நாளோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

எனவே மூன்று துறைகளும் மூன்று ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வரும் ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முன் எங்களையும் கூப்பிடுங்கள். கூடு உள்ள குளங்களின் பட்டியலை நாங்கள் தருகிறோம். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தக் குளங்களில் மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். வண்டல் அள்ளும் அனுமதியில் சான்று பெற்ற இயற்கை விவசாயிக்கு முன்னுரிமை கொடுங்கள். அடுத்த பிசானப் பருவ அறுவடைக்குள் அவன் நெல்லுக்கு ஒரு தனி விலையைச் சொல்லுங்கள். எங்களுக்குப் பயணப்படி வேண்டாம்; டிபனும் வேண்டாம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை விவசாயி ஒருவன்