அம்மாவை வரச் சொல்லு

அவளைக் கவுன்சலிங் அறைக்கு அனுப்பியது நான்தான். இரண்டாமாண்டு மாணவி. மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை என்று லஸ்ஸில் பஸ்ஸுக்கு நின்றபோது என்னிடம் சொன்னாள். "போய்ப் பேசும்மா, வெளியே போகாது" என்றேன். எந்தத் தைரியத்தில் அந்த உறுதியைக் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. போனாள். வேறு சாதிப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அன்று மாலையே அவள் அம்மாவுக்கு போன் போயிற்று. திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. தை மாதம் துறைக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை வேறு யாரோ.

போன் செய்தவர் கொடுமைக்காரி அல்ல. வணிகவியல் ஆசிரியை, தன் வகுப்புகளுக்கு மேல் கூடுதல் பொறுப்பாக அந்த நாற்காலியும் அவர் தலையில் விழுந்திருந்தது. "நாளைக்கு ஏதாவது ஆனா யார் மேடம் பதில் சொல்றது?" என்று கேட்டார். இந்தக் கேள்விதான் நம் கல்லூரிகளின் மனநலக் கொள்கை. "அம்மாவை வரச் சொல்லு" என்பதுதான் அதன் ஒரே மருந்து. அறையும் அதற்கேற்றதுதான். முதல்வர் அறைக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவோடு, உள்ளே யார் உட்கார்ந்து அழுகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும்படி இருக்கும். நாக் குழு வரும் வருடம் பெயின்ட் அடித்து, ஒரு மணிபிளான்ட் வைத்து, ஜியோடேக் போட்டோ எடுத்துக்கொள்வோம்.

நான் அகத்திணை நடத்துகிறவள். தலைவியின் களவு தோழிக்குத் தெரியும். ஊர் அலர் தூற்றும்போதும் அவள் காட்டிக்கொடுப்பதில்லை. வேற்று வரைவு வந்து தலைவிக்கு வழி அடைபடுகிற வேளையில் செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள். அதுவும் தலைவியின் பக்கம் நின்று, அவள் விரும்பியவனோடு அவளைச் சேர்ப்பதற்காக. நம் கல்லூரி செய்வது நேர் எதிர். பெண் வாய் திறந்த அன்றே தாயிடம் போய்விடுகிறது. அடுத்து நடப்பதற்கும் இலக்கணத்தில் பெயர் இருக்கிறது: இற்செறிப்பு. (தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

பையன் விஷயம் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் திட்டு விழும். பெண்ணுக்குப் படிப்பே போகும். ரகசியம் காப்பது அவளுக்கு நாம் காட்டும் நாகரிகம் அல்ல. அவள் பட்டம் வாங்குவதும் வாங்காததும் அதில்தான் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஆனால் அது பேசுவது மருத்துவத் துறையினரின் கடமையை. கூடுதல் பொறுப்பில் உட்காரும் வணிகவியல் ஆசிரியையை எது கட்டுப்படுத்துகிறது? 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. வரவேற்கிறேன். அந்த ஒருவர் யாருக்குக் கீழே வேலை செய்வார் என்பதுதான் என் கேள்வி. முதல்வருக்குக் கீழே என்றால் அது இன்னொரு ஒழுங்கு நடவடிக்கைக் குழு.

அண்ணா பல்கலைக்கழக மாணவி 2024 டிசம்பரில் வன்கொடுமைக்கு ஆளானபோது, முதல் தகவல் அறிக்கையிலிருந்த அவள் விவரங்கள் வெளியே கசிந்தன. உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. நாம் கசியவிடுகிற பெண்களுக்கு வழக்கும் இல்லை, இழப்பீடும் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு: புகாரோடு வருகிறவளைக் கவுன்சலிங்குக்கு அனுப்பி, குற்றத்தை அவளுடைய மனப் பிரச்சினையாக மாற்றிவிடுவது. 2023 மார்ச் 30 அன்று கலாக்ஷேத்ராவில் பாலியல் தொல்லைக்கு எதிராக உட்கார்ந்த மாணவர்களுக்கு மூச்சுப்பயிற்சியா தேவைப்பட்டது? அவர்கள் தெருவறிய உட்கார்ந்த பிறகுதான், ஏப்ரல் 3 அன்று, ஓர் ஆசிரியர் கைதானார்.

இதே சென்னையில் 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா இருக்கிறது. தொண்டர்கள் கேட்கிறார்கள், பேசுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அரசின் 14416க்கும் அழைத்துப் பேசலாம். முகம் தெரியாத குரலிடம் சொல்ல முடிவதை நம் கண்ணாடி அறைக்குள் சொல்ல முடியவில்லை என்றால், குறை மாணவியிடம் இல்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் மௌனம் காக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். யாரை அழைப்பது என்று அவள் சொல்லட்டும். அது சித்தியாக இருக்கலாம், அறைத்தோழியாக இருக்கலாம். அம்மாவாகவும் இருக்கலாம்.

போன மாதம் ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். முழுநேர ஆலோசகர், வெளியாள், முதல்வருக்கு எண்ணிக்கை மட்டும் போகும், பெயர் போகாது. "அப்போ பேரன்ட்ஸுக்கு யார் பதில் சொல்றது?" என்று மறுபடியும் அதே கேள்வி வந்தது. நான் சொல்கிறேன் என்றேன். மினிட்ஸில் அது ஏறவில்லை.