சரித்திரச் சாளரம்: 45 நாள் அரசன்

அரியணை ஏறுதல் அரிது. ஏறிய பின் அதில் அமர்ந்திருத்தல் அதனினும் அரிது. இதற்குச் சான்றாகப் பண்டைப் பாரசீகத்து வரலாறு ஒன்றை இத்திங்கள் காண்போம்.

எகிப்தையும் பாபிலோனையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட முதலாம் அர்ட்டாக்செர்க்சஸ், 41 ஆண்டு அரசு செலுத்திக் கி.மு. 424-இல் மாண்டான். பட்டத்தரசி தமாஸ்பியாவும் அதே நாளில் இறந்தாள் என்பர். அவள் வயிற்றில் பிறந்த ஒரே மகன் செர்க்சஸ் முடி சூடினான். ஏனைய மனைவியர்க்குப் பிறந்த மைந்தர் 17 பேர் இருந்தனர். வினை அங்கேதான் விளைந்தது.

முடி சூடிய 45-ஆம் நாள், விழாவொன்றில் மது அருந்தி மயங்கிக் கிடந்த செர்க்சஸை அவனுடைய மாற்றாந்தாய் மகன் சோக்டியானஸ் கொல்வித்தான். ஆனால் உடன்பிறந்தானைக் கொன்றவனைப் படையினர் மனமார ஏற்கவில்லை. மற்றொரு சகோதரனான ஒக்கஸ், ஹிர்க்கேனியா நாட்டின் ஆளுநன். சோக்டியானஸ் அவனைப் பன்முறை அழைத்தான். ‘வருகிறேன்’ என்று சொல்லிச் சொல்லி, ஒக்கஸ் படை திரட்டினான். குதிரைப் படைத்தலைவனும் எகிப்தின் ஆளுநனும் அவன் பக்கம் சேர்ந்தனர். நண்பர் தடுத்தும் கேளாது, ஒக்கஸின் சத்தியத்தை நம்பிச் சரணடைந்த சோக்டியானஸ் சாம்பலில் தள்ளிக் கொல்லப்பட்டான். அவன் ஆட்சி ஆறரைத் திங்கள். ஒக்கஸ் இரண்டாம் டேரியஸ் என்னும் பெயர் பூண்டான்.

இவற்றை எழுதியவர் கிரேக்க மருத்துவர் க்டீசியாஸ். பாரசீக அரசவைக்கு அவர் வந்தது இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னரே. அவர் நூலும் இன்று சுருக்கமாகவே கிடைக்கிறது. ஆகவே வேறு சான்று தேடுதல் முறை.

புகைவண்டி நிலையத்தில் ரசீதுக் கட்டுகளோடு காலங்கழிக்கும் நமக்கு அச்சான்று மிகவும் உவப்பானது. பாபிலோனியக் கணக்கர்கள் கடன், குத்தகை முதலியவற்றைக் களிமண் பலகைகளில் எழுதி, ஆளும் மன்னனின் ஆட்சியாண்டைக் குறிப்பது வழக்கம். அப்பலகைகளில் அர்ட்டாக்செர்க்சஸின் 41-ஆம் ஆண்டுக்கு அடுத்தபடியாக டேரியஸின் பெயரே வருகிறது, அதுவும் கி.மு. 423-இன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. இடைப்பட்ட இருவருக்கும் அங்கே ஒரு வரியும் இல்லை! அவர்கள் வேறிடத்தில் முடி தரித்திருந்த காலத்திலேயே பாபிலோன் டேரியஸை மன்னனாக ஏற்றது என்று அறிஞர் பலர் கருதுவர். அரண்மனையில் எவன் எவனைக் கொன்றாலும், குத்தகைக்காரனுக்குத் தேதியிட ஒரு பெயர் வேண்டும். கணக்கன் நிலைத்தவன் பெயரையே எழுதினான்.

வென்ற டேரியஸின் குடும்பமேனும் அமைதி கண்டதா? கி.மு. 404-இல் அவன் இறந்ததும், மூத்த மகன் இரண்டாம் அர்ட்டாக்செர்க்சஸ் அரசனானான். இளையவன் சைரஸ் அவன்மேல் படையெடுத்து, கி.மு. 401-இல் கூனாக்சாப் போர்க்களத்தில் மடிந்தான். தாய் பரிசாட்டிஸின் அன்போ இளையவன் பக்கமே இருந்தது.

தந்தை தன் சகோதரனை வீழ்த்திப் பெற்ற முடியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், உடன்பிறந்தானை வேறெவ்வாறு நோக்குவர்? பிள்ளைகட்கு நாம் விட்டுச்செல்வது பொருள் மட்டுமன்று. அதனை ஈட்டிய வழியும் அவர்களுக்குப் பாடமாகிவிடுகிறது.