எண் மட்டும் போதாது

ரவாங் முதல் கோல சிலாங்கூர் வரை எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இடிக்கப்பட்ட தோட்டக் கோயில் ஒன்று எங்கே இருந்தது என்று தேடுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். பழைய நில அளவை வரைபடத்திலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைப்பேசியில் அப்படியே தட்டினால், ஏறக்குறைய 160 மீட்டர் கிழக்கே தள்ளிப் போய் யார் வீட்டு வாசலிலோ நிற்பீர்கள்.

செயலியைத் திட்டாதீர்கள். அந்த ரேகைகள் மண்ணில் கீறி வைத்தவை அல்ல. பூமியின் வடிவம் இது, மையம் இங்கே என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் எண் கொடுக்கிறோம். அந்த முடிவுக்குப் பெயர் டேட்டம். மலாயாவின் பழைய டேட்டத்துக்குப் பகாங்கிலுள்ள கெர்தாவ் அடிப்படை. அதன் பூமி வடிவமோ ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்ததைத் திருத்தியது. அவர் கணக்குக்கு உதவிய இந்திய அளவைப் பணியை வில்லியம் லாம்டன் 1802இல் தொடங்கியது சென்னைப் பரங்கிமலை அருகே. நம் பாட்டன்மாரைப் போல அந்த அளவும் கடல் கடந்து வந்ததுதான்!

கைப்பேசியின் ஜிபிஎஸ் பூமியின் நிறை மையத்திலிருந்து அளக்கிறது. மலேசியாவும் 2003இல் அத்தகைய ஜிடிஎம்2000 முறைக்கு மாறியது. மறு ஆண்டே சுமத்ரா நிலநடுக்கம் லங்காவியை 17 சென்டிமீட்டர் நகர்த்திவிட்டது.

ஆகவே, தோட்ட வரலாறு திரட்டும் மாணவர்களே, இடுகாடோ கிணறோ எதைக் குறித்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் டேட்டத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பழைய வரைபடங்களில் டேட்டம் ஓரக் குறிப்பில் இருக்கும். நகலெடுக்கும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.